கலைமணி வீட்டு ஜெனரேட்டர்

கலைமணியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவளா? வாயத் தொறந்தா சாமியே எந்திரிச்சு ஓடிடும்." இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் வீட்டு ஜெனரேட்டரில் போன் சார்ஜ் போட்டுக்கொண்டவர்கள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் ஆண்டனி. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலை அடிவாரம் வரைக்கும் தக்காளி, மரவள்ளிக் கிழங்கு, மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டு நாற்காலி என்று எதுவானாலும் என் வண்டியில் ஏறும். கலைமணியின் ஜெனரேட்டரை அரூர்க் கடையிலிருந்து ஏற்றி வந்தவனும் நான்தான். ஆகவே இந்த விஷயத்தில் யாரும் என் காதில் பூ சுற்ற முடியாது.

அவள் புருஷன் நவநீதன் கல் குவாரியில் பாறைக்குத் துளை போடும் மிஷினில் நின்றவன். வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றான். பிறகு இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நெஞ்சுக்குள் யாரோ மாவு சலித்துக் கொட்டின மாதிரி இருந்தது. குவாரிக்காரன் ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளை அனுப்பினான். அதோடு சரி. அந்தப் பாட்டிலைக் கலைமணி தெருவில் வீசியது ஊருக்கே தெரியும். வீசியதைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, எதற்காக வீசினாள் என்று ஒருத்தரும் பேசவில்லை.

இப்போது நவநீதன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று நிற்கிறது. சுற்றி இருக்கிற காற்றை இழுத்து, வடிகட்டி, மூக்கில் மாட்டிய குழாய் வழியாக அனுப்பும். கரண்டில்தான் ஓடும். ஆபத்துக்கென்று சின்ன சிலிண்டர் ஒன்றும் இருக்கிறது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும்.

நவநீதன் எப்படிப்பட்டவன் என்றும் சொல்லிவிடுகிறேன். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன். பச்சை மூங்கில் வெட்டி, கீற்று முடைந்து, பாடை கட்டினால் அவன்தான் கட்ட வேண்டும். எங்கப்பா இறந்தபோது சர்ச்சிலிருந்து கல்லறை வரைக்கும் பெட்டிக்குத் தோள் கொடுத்து வந்தான். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது. அந்த "இல்லை"யெல்லாம் சேர்ந்து கலைமணியின் தலையில் விழுந்தது.

எங்கள் ஊருக்கு வரும் கரண்ட் லைன் காட்டு வழியாக வருகிறது. காற்று பலமாக அடித்தால் எங்காவது ஒரு மரம் விழும், எங்களுக்கு விளக்கு போய்விடும். இன்வெர்ட்டர் வாங்கிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் தாங்கும், பிறகு குய் குய் என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். அப்புறம்தான் ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவானது.

அரூர்க் கடைக்குக் கலைமணி, நான், மாதவராஜ் மூவரும் போனோம். மாதவராஜ் நவநீதனின் பெரியப்பா மகன். ஊர்ப் பெரிய மனுஷன். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். எந்த வீட்டில் எதை வாங்கினாலும் அவர் வந்து நின்று தலையாட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

கலைமணி கடைக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன ஜெனரேட்டரைத் தூக்கிப் பார்த்தாள். "இது போதுங்க. நான் ஒருத்தியே தூக்கலாம். ஆக்சிஜன் மிஷினும் ஒரு பேனும் ஓடுனா சரி," என்றாள்.

மாதவராஜ் சிரித்தார். "இது வெளையாட்டுச் சாமானாட்டம் இருக்குது. அத எடு. பெருசா வாங்கிப் போட்டா நாளைக்கு நாலு பேருக்கு ஆவும்."

"நாலு பேருக்கு எதுக்குங்க மாமா? எங்கூட்டு ஆளு ஒருத்தருக்கு ஆனாப் போதும்."

"பொம்பளைங்களுக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?" என்று கடைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நவநீதனுக்குப் போன் போட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணன் சொல்றதையே எடு கலை," என்றான். பெரியதே வந்தது. வண்டியில் ஏற்ற மூன்று ஆள் தேவைப்பட்டது. வரும் வழியெல்லாம் கலைமணி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்ததும் மாதவராஜுக்கு இன்னொரு யோசனை. "வெளிய வெச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான். முன்ரூம்ல வெய்யி."

"மூச்சுக்குன்னு வாங்குன மிஷின வூட்டுக்குள்ள வெச்சு, பொகைய விட்டு, இருக்கற மூச்சயும் நிறுத்தறதுங்களா?" என்று கேட்டாள். புகை வீட்டுக்குள் வரவே கூடாது என்று கடைக்காரர் சொன்னதை அவள் கவனமாகக் கேட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், ஜன்னலை விட்டுத் தள்ளி, நான்கு கம்பம் நட்டு மேலே தகரம் போட்டு, பக்கமெல்லாம் திறப்பாக விட்டு அதன் கீழே வைத்தாள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பழகியதில் அவள் உள்ளங்கை தோல் உரிந்துபோனது. வாரம் தவறாமல் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பாள், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பாள், துடைத்து மூடுவாள்.

நாலு பேருக்கு ஆகும் என்று மாதவராஜ் சொன்னாரே, அந்த நாலு பேர் ஒரு மாதத்தில் வந்துவிட்டார்கள். காதுகுத்துக்கு ஒருத்தர், மஞ்சள் நீராட்டுக்கு ஒருத்தர், புதுவீடு கட்டும் இடத்தில் கல் அறுக்க ஒருத்தர். கலைமணி இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நவநீதனிடம் கேட்பார்கள். அவன் தலையாட்டிவிடுவான். திரும்பி வரும்போது டேங்கில் பெட்ரோல் இருக்காது. "தம்பி, மறந்தே போச்சு," என்பார்கள். அவன் சிரிப்பான். அவள் போய் வாங்கி ஊற்றுவாள்.

மாரியம்மன் பண்டிகையன்று எல்லாம் வெடித்தது. அவள் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போயிருந்தாள். மாதவராஜ் ஆள் அனுப்பி, "ரெண்டு மணி நேரத்துல குடுத்தனுப்பறோம்," என்று சொல்லி ஜெனரேட்டரைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார். மத்தியானம் கரண்ட் போனது. கலைமணி வீடு திரும்பும்போது இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்திருந்தது, சிலிண்டர் முள் அடியில் கிடந்தது, நவநீதன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியிருந்தது.

கோயில் வாசலில் மாவிளக்குத் தட்டோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் செட்டில் அம்மன் பாட்டு. கலைமணி யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜெனரேட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பாட்டு பாதியில் நின்றது. "பண்டிகைய நிறுத்திட்டாளே!" என்று ஒரு சத்தம். டேங்கைத் திறந்து பார்த்தாள், அடியில் நக்கிக் குடிக்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்றிருந்த மாதவராஜின் பைக்கில் குழாயைப் பிடுங்கி, கிடைத்த செம்பில் பெட்ரோலைப் பிடித்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நான்தான் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போனேன். நவநீதன் பிழைத்தான். ஆனால் ஊர் பேசியது அதையா? அம்மன் பாட்டு நின்றதைத்தான்.

அன்றிலிருந்து தகரத்துக்கடியில் சங்கிலி. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் ஊக்கோடு தொங்கியது.

கார்த்திகையில் புயல் வந்தது. அன்று காலையில் மழை வலுக்கத் தொடங்கும்போதே முனியப்பன் இறந்துபோனார். நவநீதனின் கூட்டாளி. சின்ன வயதிலிருந்து ஒரே பாறையில் வேலை பார்த்தவர்கள். மாரடைப்பு, டீ குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். அவர் வீடு ஊரை விட்டுத் தள்ளி, வயல்களுக்கு அப்பால் தனிக் கொட்டாயில் இருந்தது. மகள் காவியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து முகம் பார்க்க வேண்டுமே என்று நான் அரூர் போய் ஃப்ரீசர் பெட்டி ஏற்றி வந்தேன். திரும்பும்போது ஓடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. எனக்குப் பின்னால் வேறு வண்டி வரவில்லை. பாலம் மூழ்கிவிட்டது. பெட்டியை இறக்கி ஒயரைச் சொருகிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, காட்டில் மரங்கள் சாய்ந்து கரண்டும் போனது.

மத்தியானம் மாதவராஜ் குடையோடு கலைமணி வாசலில் நின்றார். பின்னால் ஊர் ஆம்பளைகள் ஒரு கூட்டம். வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"கலைமணி, எழவு வூடு. மிஷினக் குடு," என்றார்.

"முடியாதுங்க மாமா."

"எழவு வூட்டுக்கு எதுவும் இல்லன்னு சொன்ன வூடு நம்ம ஊர்ல கெடையாது. காதுகுத்துக்குக் கேக்கல. பண்டிகைக்குக் கேக்கல."

"பண்டிகைக்குக் கேக்காமத்தான எடுத்துட்டுப் போனீங்க?"

கூட்டத்தில் ஒருத்தன், மாதேஷ், சமாதானம் பேசினான். "ரெண்டு மணி நேரம் அங்க, ரெண்டு மணி நேரம் இங்க ஓட்டிக்கலாங்க்கா."

"அன்னிக்கும் ரெண்டு மணி நேரம்னுதான் சொன்னீங்க. இவரு ஒதடு என்ன கலர்ல இருந்துச்சுன்னு நீயா வந்து பாத்த?"

இதற்குள் உள்ளே சத்தம் கேட்டது. காலையிலிருந்து முனியப்பனுக்காக அழுதுகொண்டிருந்த நவநீதன் மூக்குக் குழாயைக் கழற்றி கையில் பிடித்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி வந்து நின்றான். "குடுத்துடு கலை. நான் சிலிண்டர்ல இருந்துக்கறேன். முனியனுக்குக்கூடக் குடுக்கலன்னா நான் மனுசனா?"

கலைமணி திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "சிலிண்டர் எவ்ளோ நேரம் வரும்னு உங்களுக்குத் தெரியாது? போவணும்னா நேராச் சொல்லுங்க. ரெண்டு பாடையாக் கட்டச் சொல்றேன். ஒரே செலவாப் போயிடும்." குழாயைப் பிடுங்கி அவன் மூக்கில் மாட்டி, தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பிறகு வாசலுக்கு வந்தாள். "பொட்டிக்குக் கரண்ட் வேணும், அவ்ளோதான? பொணத்த இங்க கொண்டாங்க."

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. இன்னொரு வீட்டுப் பிணத்தைத் தன் வாசலில் வைக்க எங்கள் பக்கம் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதிலும் நோயாளி படுத்திருக்கிற வீட்டில். பிணம் தெருவில் போனாலே கதவைச் சாத்துகிற ஊர்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று மாதவராஜ் கத்தினார். "மூச்சு இழுத்துட்டுக் கெடக்கற மனுசன் வூட்டு வாசல்ல பொணத்தக் கொண்டாந்து வெப்பாங்களா? அபசகுனம்!"

"மூச்சு இழுத்துட்டுக் கெடக்கற மனுசன் மிஷினத் தூக்கிட்டுப் போறது மட்டும் நல்ல சகுனமுங்களா?"

அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார். அவள் விடவில்லை.

"அரூர்க் கடையில என்ன சொன்னீங்க? நாலு பேருக்கு ஆவும்னு சொன்னீங்கல்ல? ரெண்டே பேருதான். ஒருத்தரு உசுரோட, ஒருத்தரு உசுரில்லாம. நீங்க எடுத்துக் குடுத்த மிஷின் தாங்கும். ஆனா கேன்ல இருக்கற பெட்ரோல் இவருக்குன்னு வாங்கி வெச்சது. பாலம் முழுகிக் கெடக்குது, பங்க்குக்குப் போவ முடியாது. பொட்டி ஓடணும்னா அவங்கவங்க வண்டியில இருந்து எறக்குங்க. வூட்டுக்கு ரெண்டு பாட்டில்."

பெட்ரோல் என்றதும் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாவு வீட்டுக்காக அவள் புருஷனின் மூச்சைக் கேட்க வந்தவர்களுக்குத் தங்கள் பைக் டேங்கைத் திறக்க மனசு வரவில்லை. ஒருத்தனுக்கு ரிசர்வில் ஓடுகிறதாம். ஒருத்தன் சாவியை மச்சான் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். நவநீதன் பாடை கட்டிக் கொடுத்த வீட்டு ஆட்கள்தான் அத்தனை பேரும். என் வண்டி டீசல், இல்லாவிட்டால் நானே இறக்கியிருப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், "தூ!" என்று சத்தமாகவே துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன்.

முனியப்பனின் மனைவி கண்ணம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி கரைந்து துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் எழுந்தாள். புருஷனின் பழைய மொபெட்டுக்குப் போய், குழாயைக் கழற்றி, சிவப்பு மூடி போட்ட ஒரு பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தாள்.

"எடுத்துட்டுப் போலாம் ஆண்டனி," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே கல்லுல நின்னவங்க. அவரு வாசல்ல கெடக்க இவருக்கு என்ன கொறச்சல்?"

பெட்டியை என் வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி ஊருக்குள் கொண்டுவந்தோம். முன்னால் கண்ணம்மாள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத் தெருவே பார்த்தது. தாலி இறக்கப் போகிறவள் கையில் பெட்ரோல் பாட்டிலைப் பார்த்த பிறகு ரிசர்வில் ஓடிய வண்டிகளிலெல்லாம் எப்படியோ பெட்ரோல் ஊறியது. தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில், எண்ணெய் கேன் என்று ஒவ்வொன்றாக வந்து தகரத்துக்கடியில் நின்றன. மாதவராஜ் தன் பங்குக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். அது முக்கால் பாட்டில்தான்.

வாசலில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே பெட்டியை வைத்தோம். கலைமணி வீட்டில் பேன், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆக்சிஜன் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இப்பப் போடுங்க," என்றாள். பெட்டியின் மோட்டார் எடுத்தபோது ஜெனரேட்டர் ஒரு தடவை தொண்டை அடைத்த மாதிரி உறுமியது. ஆக்சிஜன் மிஷினின் பச்சை விளக்கு சிமிட்டியது, பிறகு நின்று எரிந்தது. அதுவரை அவள் மூச்சு விட்டாளா என்று எனக்குச் சந்தேகம். அதற்குள் ஒருத்தன் போன் சார்ஜரோடு வந்தான். அவனுக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

கொஞ்ச நேரம் ஜெனரேட்டர், கொஞ்ச நேரம் இன்வெர்ட்டர் என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். நவநீதன் நீளக் குழாயோடு நாற்காலியை வாசல்படிக்குப் போட்டுக்கொண்டான். கண்ணாடி வழியாக முனியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்லி அவள் திட்டினாள். அவன் கேட்கவில்லை. அவன் காலுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு மறுபடியும் திட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டது. காவியா முழங்கால் வரைக்கும் சேற்றோடு, ஓடையைச் சுற்றி மலையடிவாரமாக நடந்தே வந்து சேர்ந்தாள். அப்பன் முகத்தைப் பார்த்தாள். அழுது முடித்துக் கலைமணியின் கையைப் பிடிக்க வந்தாள். கலைமணி கையை உருவிக்கொண்டாள். "உங்கப்பாகிட்ட அழு கண்ணு. எனக்கு ஆயில் பாக்கணும்."

பாடை கட்ட மூங்கில் வந்தது. இளவட்டங்கள் கட்டிய முடிச்சு தூக்கினால் அவிழ்கிற மாதிரி இருந்தது. நவநீதன், "இங்க கொண்டாங்கடா," என்றான். மூங்கிலை அவன் மடிக்கு நேராகப் பிடித்தார்கள். மூக்கில் குழாயோடு, ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கி வாங்கி, அவனே கட்டி முடித்தான். அந்த ஒரு தடவை மட்டும் கலைமணி அவனை ஒன்றும் சொல்லவில்லை.

பிணம் எடுத்த பிறகு வாசலைக் கழுவ ஒருத்தியும் வரவில்லை. இவள் வீட்டுச் சாவு இல்லையே என்ற சாக்கு. அவளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மாதவராஜ் தெருவில் நின்றபடி சொன்னார்: "எவ்வளவு பெரிய புண்ணியம் பண்ணிட்ட கலைமணி! நவநீதனுக்கு ஆயுசு கெட்டி."

"புண்ணியம் வேணாங்க மாமா. உங்க பாட்டில் கொறையா இருந்துச்சு. மிச்சப் பெட்ரோல ஊத்திட்டுப் போங்க."

அவர் போன வேகத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று கரண்ட் வரும் என்று எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. காட்டுக்குள் கம்பங்களே சாய்ந்துவிட்டன என்று லைன்மேன் சொன்னார். பாலத்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. நடந்து வந்த வழியில் பங்க்கெல்லாம் மூடிக் கிடந்தது என்று காவியா சொல்லியிருந்தாள். மறுநாளும் வரவில்லை. நான் தகரத்துக்கடியில் போய்ப் பார்த்தேன். அவள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த கேன்கள் எப்போதோ காலி. ஊர் கொடுத்த பாட்டில்களில் பெட்டிக்கு ஓடியது போக மிஞ்சியதில்தான் நவநீதன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். முனியப்பன் அவள் வாசலுக்கு வராமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டில்களில் ஒன்றும் வந்திருக்காது. அது எனக்குப் புரிந்தபோது அவளுக்கும் புரிந்திருந்தது.

நான்காம் நாள் பிற்பகல் ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. சிவப்பு மூடி, கண்ணம்மாள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதை மட்டும் அவள் தனியாக, கம்பத்துக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருக்கிறாள். மூடியைத் திருகி டேங்கில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். அழுகையிலும் கோபம் குறையவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் வந்து, இந்தா கலைமணின்னு ஒரு பாட்டில் ஊத்தியிருந்தா நான் எதுக்குண்ணா ஊரோட மல்லுக்கு நின்னிருப்பேன்? செத்து வந்து குடுக்கறீங்க!"

மிஷினில் காலை முட்டுக் கொடுத்துக் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து நவநீதன், "யாரத் திட்டற கலை?" என்று கேட்டான்.

"உங்க கூட்டாளியத்தான்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அந்தப் பாட்டில் தீருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.